மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு இரட்டைக் காபரேட்டர்

பழைய மொறிஸ் மைனர் காருக்கு, எம்.ஜி. மிட்ஜெற் ஸ்போர்ட்ஸ் காரின் இரட்டை எஸ்.யு. வகைக் காபரேட்டர் பூட்டலாமா? பூட்டலாம். இரண்டு காருக்கும் எஞ்சின் ஒரே குடும்பம்தான். 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் 803 சி.சி.யாக வந்த ஏ-சீரிஸ் எஞ்சின், 1952இல் மைனருக்குள் புகுந்தது. 1956இல் 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. என்று வளர்ந்தது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1961இல் வந்த மிட்ஜெற் ஆகிய இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் முதலில் ஓடியது இதே 948இல்தான். மனிபோல்ட்டை, அதாவது காபரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் குழாயை, பிடிக்கும் ஸ்ரட்டுகள் அதே இடத்தில் இருக்கின்றன. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மனிபோல்ட்டும் காபரேட்டரும் கிளிநொச்சியில் ஒரு பின்னேரத்துக்குள் பூட்டி முடிக்கக்கூடியவை.

பூட்டிய பிறகுதான் வில்லங்கம் தொடங்கும். பிளக் கறுக்கும், வெயிலில் கார் நின்றுபோகும், ஒரு மாதத்தில் ஹெட் கஸ்கற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) ஊதும். பழி காபரேட்டரில் விழும். ஆனால் நோய் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. வன்னியில் இன்றும் மிஞ்சியிருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சின்களில் பல, போர்க்காலப் பெற்றோல் தடையால் 1990இலிருந்து 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை மண்ணெண்ணெயில் ஓடியவை. அந்தக் காலத்தில் அவற்றுக்குள் செய்யப்பட்ட மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கழற்றாமல் ஸ்போர்ட்ஸ் சாமான் பூட்டினால், பூட்டுகிற ஒவ்வொரு சாமானும் புதிதாக ஒன்றை உடைக்கும்.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒற்றைக் காபரேட்டர் 948 மைனர் 37 குதிரைவலு. இரட்டைக் காபரேட்டர் ஸ்பிறைற் 43. வித்தியாசம் 6 மட்டுமே, அதிலும் ஒரு பங்கு உறுதியான வால்வு ஸ்பிறிங் போன்ற மற்ற மாற்றங்களால் வந்தது. றிங் தேய்ந்து, கஸ்கற் இரண்டு போட்டு, ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தள்ளிக் கிடக்கும் எஞ்சின் அதைவிடக் கூடுதலாக இழந்து நிற்கிறது. இழந்ததைத் திருப்பி எடுப்பதுதான் முதல் மாற்றம், மலிவான மாற்றமும்கூட.

தடைக்காலத்து வேலைகளை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

அந்தத் தடைக்காலத்தில் வன்னி மெக்கானிக்மார் செய்தது எதுவும் குருட்டு வேலை இல்லை. பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகையிலும் ஆவி கக்கும். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைத் தரும். அதன் ஒக்ரேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, மிகக் குறைவு என்பதால் சாதாரண கொம்பிறஷனில் எஞ்சின் தட்டத் தொடங்கும். பிரித்தானியாவின் பேர்குசன் ரி.ஈ.டி.20 உழவு இயந்திரத்தில் இதே சிக்கலுக்குத் தொழிற்சாலையே விடை வைத்திருந்தது: சிறிய தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் போன்ற ஆவியாகும் எண்ணெய், பெற்றோலில் எழுப்பிச் சூடேறியதும் மாற்றிவிடுவது. அதே தத்துவத்தைத்தான் வன்னிக் கராஜ்கள் காருக்குள் கொண்டுவந்தன. ஒரு சிறு போத்தல் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார்கள். அந்த அறிவை மதித்துக்கொண்டே அதைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெய்க்கு உதவிய ஒவ்வொன்றும் பெற்றோலுக்குக் கேடு.

முதலில் பெற்றோல் குழாய். மண்ணெண்ணெயைச் சூடாக்குவதற்காகச் செப்புக் குழாயை எக்ஸோஸ்ற்றில் நாலைந்து சுற்றுச் சுற்றியிருப்பார்கள். இதை விட்டுவிட்டுப் பெற்றோல் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். மைனரின் எஸ்.யு. மின்பம்பி இருக்கிறதல்லவா, அதன் சத்தமே வைத்தியர். சுவிச் போட்டதும் சில தடவை தட்டிவிட்டு நின்றால் நலம். நிற்காமல் வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. தட்டவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் கருகியிருக்கிறது. சுற்றுக் குழாயை முழுதாக எடுத்து, எக்ஸோஸ்ற்றிலிருந்து ஒரு சாண் விலக்கிப் புதுக் குழாய் போடுங்கள்.

அடுத்தது தாங்கி. மைனரின் தாங்கி 6½ கலன், ஏறக்குறைய 29 லீற்றர். அடியில் பசை போன்ற படிவும் துருவும் கலந்து கிடக்கும். கழற்றி, ஒரு கைப்பிடி நட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கி, துரு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வெல்டிங் வேண்டாம். காய்ந்துபோனதாகத் தெரியும் தாங்கியும் வெடிக்கும், மூடியைத் திறந்துவைத்தால் போதும் என்பது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை.  வேறு தாங்கி தேடுங்கள்.

எஞ்சின் சூடு குறையாதிருக்க றேடியேற்றரின் முன்னால் கட்டிய மட்டையையும் தகரத்தையும் கழற்றுங்கள். தேமோஸ்ரட்டை எடுத்து எறிந்திருந்தால், 74 பாகைக்குத் திறக்கும் ஒன்றை மீண்டும் போடுங்கள். அது இல்லாமல் ஓடினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் வேகமாகத் தேமோஸ்ரட் வாசல் வழியே ஓடிவிட, பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிச் சரியாகப் போகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல் தண்ணீர். கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, மாரியில் பிடித்த மழைநீரை ஊற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றும் நாள்

வேலையின் நடு இதுதான், இதற்குப் பொறுமை வேண்டும்.

ஹெட்டைத் தொடுமுன் கொம்பிறஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, திறொட்டில் முழுதாகத் திறந்து. கொம்பிறஷன் விகிதம் 8.3 ஆன, நல்ல நிலையிலுள்ள 948இல் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலை ஒட்டி வரவேண்டும், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குறைவாக வந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. நாலும் ஒரே அளவாகக் குறைந்து, ஒயில் விட்டும் பெரிதாக மாறாவிட்டால், கஸ்கற் இரண்டு இருக்கிறது என்று சந்தேகியுங்கள். ஹெட்டும் புளொக்கும் சேரும் விளிம்பை மண் சுரண்டிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். சிலவற்றில் இரண்டு கஸ்கற்றுக்கு நடுவே வெட்டிய செப்புத் தகடும் இருக்கும்.

அது என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 948இன் ஒரு சிலிண்டர் 237 சி.சி. விகிதம் 8.3 என்றால் மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 32.5 சி.சி. சிலிண்டரின் விட்டம் 62.9 மி.மீ. என்பதால், ஒவ்வொரு மில்லிமீற்றர் கூடுதல் தடிப்பும் 3.1 சி.சி. சேர்க்கும். ஒரு மி.மீ. கூடினால் விகிதம் 7.7, இரண்டு கூடினால் 7.1. மண்ணெண்ணெய் தட்டாமல் ஓட அது தேவைப்பட்டது. இன்றைய 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு 8.3 தாராளமாகப் போதும். தடிப்பை எடுத்துவிட்டு ஒற்றைப் புதுக் கஸ்கற் போடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் புஷ்றொட்டை (வால்வைத் திறக்க றொக்கரைத் தள்ளும் கம்பியை) வளைக்கிறார்கள். ஹெட் உயர்ந்திருந்தபோது அதற்கேற்ப றொக்கர் ஸ்குறூக்களைக் கீழே இறக்கியிருப்பார்கள். ஹெட் பழைய இடத்துக்குத் தாழும்போது ஸ்குறூ அப்படியே இருந்தால் வால்வு மூடாது, இறுக்க இறுக்க ஏதாவது ஒன்று வளையும். ஆகவே இறுக்குமுன் எட்டு ஸ்குறூவையும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

ஹெட்டின் முகத்தில் நேர்க்கோல் வைத்து 0.05 மி.மீ. பீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ முகம் சீவிக் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பவேண்டும். மண்ணெண்ணெய்க் கரி கடினமானது. அலுமினியத் துண்டால் அல்லது செப்புத் துண்டால் சுரண்டுங்கள், உருக்குக் கத்தி வேண்டாம். எக்ஸோஸ்ற் வால்வுகளின் தண்டிலும் இருக்கையிலும் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

வால்வு இருக்கைகள் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்யப்பட்டது. அந்த ஈயம்தான் வார்ப்பிரும்பு இருக்கையைத் தேய்வில் இருந்து காத்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அதாவது வன்னிக் கார்கள் பெற்றோலுக்குத் திரும்பிய அதே ஆண்டில். அதனால் ஹெட் கழற்றியிருக்கும்போதே எக்ஸோஸ்ற் பக்கத்துக்குக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களை அழுத்திப் போடுவது நல்லது. செலவு தாங்காதென்றால் அப்படியே ஓட்டலாம், ஆனால் ஒவ்வோர் ஆயிரம் கிலோமீற்றருக்கும் எக்ஸோஸ்ற் வால்வு இடைவெளியை அளக்கவேண்டும். இடைவெளி தானாகக் குறைந்துகொண்டு போனால் இருக்கை உள்ளே தாழ்கிறது. வேகமாக ஓடும் காரில் இது விரைவில் வரும்.

ஹெட்டை வைக்குமுன் தண்ணீர்ப் பம்பிக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அந்தக் குட்டி பைபாஸ் ஹோஸைப் புதிதாக மாற்றுங்கள். ஹெட் இருக்கும்போது அதை மாற்றுவது நரக வேலை. பிறகு நட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, 15, 30, 40 இறாத்தல்-அடி என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.30 மி.மீ. எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்து வரும் வால்வைச் சரிசெய்யுங்கள். எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவது, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. 500 கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் ஆறிய பிறகு திரும்ப இறுக்கி, திரும்ப இடைவெளி பாருங்கள்.

ஒயிலை மறக்கக்கூடாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அளவுகோலில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போனால் அதுதான் காரணம். சம்ப்பைக் கழற்றிச் சல்லடையையும் அடியில் படிந்த சேற்றையும் கழுவுங்கள். கழற்றாமல் புது ஒயில் மட்டும் விட்டால், அந்த ஒயில் பழைய சேற்றை இளக்கிக் கொண்டுபோய்ச் சல்லடையில் அடைக்கும், பெயரிங் போகும். சம்ப் திறந்திருக்கையில் ஒரு பெரிய பெயரிங் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். 20-50 மினரல் ஒயில், வடிகட்டியோடு 6½ பைந்து, ஏறக்குறைய 3.7 லீற்றர். முதல் ஒயிலை 500 கிலோமீற்றரில் வடித்துவிடுங்கள்.

முல்லைத்தீவு, நந்திக்கடல் பக்கம் உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்காக நின்ற கார் என்றால் எஞ்சின் இறுகியிருக்கும். பிளக் துளை வழியே டீசலும் கியர் ஒயிலும் கலந்து விட்டு, ஒரு கிழமை ஊறவிட்டு, கிறாங் நட்டில் ஸ்பனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஸ்ராட்டரால் திருப்பினால் றிங் உடையும்.

ரைமிங்

மண்ணெண்ணெய்க்காக டிஸ்ரிபியூற்றரைப் பின்தள்ளியிருப்பார்கள். அதைத் திருப்பினால் மட்டும் போதாது. மூடியையும் தட்டையும் எடுத்து, கீழே உள்ள எடைகள் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுபவை) தாராளமாக விரிகின்றனவா, ஸ்பிறிங் இரண்டும் அதற்குரியவையா, கம்பியால் கட்டிவிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடைகள் இறுகியிருந்தால் கார் நின்ற இடத்தில் அழகாக ஓடும், 3000 சுற்றுக்கு மேல் இழுக்காது. பொயின்ற் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64 மி.மீ., தீப்பொறி ஒழுங்கு 1-3-4-2. மண்ணெண்ணெய்க்குப் போட்ட சூடான பிளக்குகளை எடுத்துவிட்டு, புத்தகத்தில் சொன்ன இலக்கத்தைப் போடுங்கள். சூடான பிளக் பெற்றோலில், அதுவும் நீண்ட ஓட்டத்தில், பிஸ்ரனைத் துளைக்கும்.

இப்போது காபரேட்டர்

எச்.எஸ்.2 என்பது 1¼ அங்குல எஸ்.யு. இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே காரிலிருந்து வந்தவையாக இருந்தால் நல்லது. 1098க்கு ஏ.என். ஊசியில் தொடங்கலாம். இரண்டிலும் ஒரே நிற ஸ்பிறிங், நீலம், இருக்கவேண்டும். ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு இருந்தால் எத்தனை நாள் சரிசெய்தாலும் ஒத்துவராது. பிஸ்ரனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்ற சத்தத்தோடு விழவேண்டும். இழுபட்டால் தின்னரால் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். துடைத்தும் இழுபட்டால் ஜெற் நடுவில் இல்லை. அதன் நட்டைத் தளர்த்தி, ஜெற்றை மேலே தள்ளி, பிஸ்ரன் தடையின்றி விழும் இடத்தில் இறுக்குங்கள். மேல் டாம்பருக்கு 20 இலக்க ஒயில்.

எக்ஸோஸ்ற்றுக்கு நேர் மேலே காபரேட்டர்கள் நிற்பதால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். மிட்ஜெற்றில் அது உண்டு. பெட்டிக்குள் வந்த சாமானோடு பெரும்பாலும் வராது. 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டி, கிண்ணங்களுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். இது இல்லாத கார் வைகாசி வெயிலில் பரந்தன் சந்தியில் பத்து நிமிடம் நிறுத்தினால் திரும்ப எழும்பாது, கிண்ணத்திலுள்ள பெற்றோல் கொதித்துவிடும். மறுபக்கம், மைனரின் பழைய மனிபோல்ட்டில் இன்லெற்றைச் சூடாக்கும் இடம் இரட்டை மனிபோல்ட்டில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது குளிர் நாட்டுத் தேவை.

சரிசெய்வது இப்படி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தளர்த்துங்கள். இரண்டு ஜெற்றையும் மேல் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்குங்கள். எஞ்சின் சூடானதும் ஒரு பிளாஸ்ரிக் குழாயை ஒரு காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடியுங்கள். சீறல் இரண்டிலும் ஒரே அளவாகும்வரை திறொட்டில் ஸ்குறூக்களைத் திருப்புங்கள். பிறகு ஒரு பிஸ்ரனை 0.8 மி.மீ. தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவையில் பெற்றோல் கூடுதல், ஜெற் நட்டை மேலே திருப்புங்கள். எஞ்சின் சாகப் பார்த்தால் குறைவு, கீழே. கணநேரம் சற்றுக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும், ஆகவே மாறி மாறி இரண்டு மூன்று தடவை. அதன் பிறகே இணைப்பை இறுக்குங்கள். ஒவ்வொரு திறொட்டிலுக்கும் தனி இழு ஸ்பிறிங் வேண்டும்.

காற்று வடிகட்டியில் நான் பிடிவாதக்காரன். படங்களில் காணும் பளபளக்கும் திறந்த வாய்கள் வன்னிக்கு ஆகாது. ஒட்டுசுட்டான், துணுக்காய்க் கிறவல் வீதிகளின் செம்புழுதி சிலிண்டரைச் சாணை பிடித்துவிடும். இங்கே தாராளமாகக் கிடைப்பது மாசி பேர்குசன் 135 உழவு இயந்திரத்தின், ஒயில் நிரப்பிய காற்று வடிகட்டி. அது போதுமா என்றால், அந்த உழவு இயந்திரத்தின் 2.5 லீற்றர் டீசல் எஞ்சின் 2250 சுற்றில் நிமிடத்துக்கு 2800 லீற்றர் காற்றை இழுக்கிறது. 948 எஞ்சின் 5000 சுற்றில் இழுப்பது 2400க்குள். போதும். இரண்டு காபரேட்டர் வாயையும் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து தடித்த ஹோஸால் வடிகட்டிக்குக் கொண்டுபோங்கள். வடிகட்டி நிமிர்ந்து நிற்கவேண்டும், ஒயில் கோட்டுக்கு மேலே போகக்கூடாது, போனால் எஞ்சின் ஒயிலை உறிஞ்சிப் புகைக்கும். கலவையைக் கடைசியாகப் பார்ப்பது வடிகட்டி பூட்டிய பிறகுதான்.

கீழே இருப்பவை

இவ்வளவும் செய்த எஞ்சின் முன்பைவிட வேகமாக ஓடும், ஆனால் 948இன் முன் பிறேக் 7 அங்குல ட்றம்தான். 1098இன் 8 அங்குல ட்றம் கிடைத்தால் போடுங்கள். மாஸ்ரர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருப்பதால் புழுதியும் மாரித் தண்ணீரும் அதில்தான் படும், றப்பர்களை மாற்றுங்கள். மைனரின் உண்மையான அபாயம் முன் சில்லின் கீழ்ப் பூட்டு. மரை தேய்ந்தால், பெரும்பாலும் மெதுவாக ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பும்போது, கால் கழன்று சில்லு மடிந்து விழும். அதற்குக் கிறீஸ் 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, காரை ஜக்கில் தூக்கி வைத்து, பழைய கிறீஸ் வெளியே வரும்வரை. கிறவலில் ஓடுபவர்கள் அதன் பாதித் தூரத்தில். 948இன் கியர்ப் பெட்டி பலம் குறைந்தது, வெளிப்புறத்தில் வரிகள் உள்ள 1098 பெட்டி உறுதி.

மின்சாரத்தில் ஒன்று மட்டும்: மைனருக்குப் பற்றறியின் நேர் முனைதான் உடலோடு சேரும். எதிர் முனை உடலோடு சேரவேண்டிய யப்பான் ஒல்ரனேற்றர் போட விரும்பினால் பற்றறியைத் திருப்புவதோடு கொயிலின் இரண்டு கம்பியையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தீப்பொறி பலம் குறையும்.

நிசான் ஏ12 எஞ்சின் போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வியாக வரும். ஐந்து மெயின் பெயரிங், அலுமினிய ஹெட், நல்ல எஞ்சின், பலர் போட்டிருக்கிறார்கள். போட்டால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கோ, புளொக் வெடிக்காமல் மிஞ்சிய ஏ-சீரிஸை இன்னொரு எஞ்சினுக்காக வெளியே தூக்கிப்போட மனம் வராது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் ஏ9இல் மாங்குளம் பக்கம் நேர் வீதியில் 60இல் ஒரே சீராக ஓட்டி, கிளச்சை மிதித்து, சுவிச்சை நிறுத்தி ஓரம் கட்டி, நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். மண்ணிற நரை என்றால் சரி. முதல் இரண்டு மட்டும் கறுப்பு என்றால் முன் காபரேட்டரின் ஜெற் நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று) மேலே, கடைசி இரண்டு என்றால் பின்னதை. நாலும் வெள்ளையென்றால் அங்கேயே இரண்டையும் ஒரு முகம் கீழே இறக்கிவிட்டுத்தான் திரும்பி வரவேண்டும்.